ஒரு சாண், ஒரு விரல்

காலை ஏழரைக்குக் கருவியைத் தரைக்குத் தாழ்த்துகிறேன்.
பிடியில் ஒரு கொடி ஒட்டியிருக்கிறது,
பாதி உரிந்து.
போட்டவர்களின் கொடிதான்.
பொறுக்கவும் அவர்களே காசு தருகிறார்கள்.
புன்ஹியெங் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டேயிருப்பான்,
கோபமெல்லாம் இல்லை,
சும்மா இருக்கத் தெரியாத கை.

சியெங் குவாங்கில் பனி விலக எட்டாகும்.
அதுவரை காதுதான் கண்.
ஆணிக்கு ஒரு கீச்சு,
உடைந்த மண்வெட்டிக்கு ஒரு முனகல்.
மூன்று நாளில் இருநூற்றுப் பதினான்கு முறை
மண்டியிட்டேன்.
இருநூற்றுப் பதிமூன்று முறை
துருவுக்கு.

கடைசியாகக் கிடைத்தது கொய்யாக்காய் அளவு.
மரவள்ளி வேர் ஒன்று அதுவரை வந்து,
தூங்குகிறவரைத் தாண்டக் கூடாதென்று
சுற்றிக்கொண்டு போயிருந்தது.
எனக்கு முப்பத்திரண்டு.
அதற்கு ஐம்பத்தைந்து இருக்கும்.
எங்கள் பக்கம் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
அண்ணே, அசையாதீர்கள் என்றேன்
வாய்க்குள்.

நான்கு மணிக்கு ஒலிபெருக்கி.
மாடுகளை ஓடைக்கு அப்பால் ஓட்டினார்கள்.
பள்ளிக்கூடத்தில் எல்லோரும் காதைப் பொத்த
ஒருத்தி மட்டும் பொத்தாமல்
விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாளாம்.
வெடித்தது.
நாய் குரைத்தது, அதுவும் தாமதமாக.

மறுநாள் சான்றிதழ்.
வியெங்தோங் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.
மகள் மலைவானுக்கு அங்கே வீடு கட்ட வேண்டும்,
மரம் போன வருடமே அறுத்தாயிற்று,
அறுவடை முடிந்ததும் கல்யாணம்.
எழுத்துக் கூட்டிப் படித்தவர்
ஓர் இடத்தில் நின்றார்:
இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆழம் வரை.

குனிந்து
நான் தோண்டிய குழியின் ஓரத்தில்
கையை விரித்து வைத்துப் பார்த்தார்.
ஒரு சாண், ஒரு விரல்.
"நெல்லுக்குப் போதும்.
தூணுக்கு இரண்டு முழம் வேண்டுமே?"

அதற்கு வேறு விண்ணப்பம், வேறு கருவி,
முன்னால் நாற்பது ஊர் காத்திருக்கிறது என்றேன்.
அடுத்த வருடமா?
இருக்கலாம்.
அதற்கடுத்த வருடமா?
அதுவும் இருக்கலாம்.
அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.
பேனா எங்கே என்று கேட்டார்.
எண்சாண் ஆளுக்கு ஒரு சாண் பூமியைக் கொடுத்துவிட்டுக்
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

தை பிறந்து சில நாள் கழித்து
அந்த வழியாக வண்டி போனது.
வீடு நின்றது.
குழி ஒன்றும் தோண்டவில்லை.
சிமென்ட் கட்டைகள் மேல் தூண்களை ஏற்றி
இரும்புக் கம்பியால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டியிருந்தார்கள்.
நட்ட வீடு இல்லை அது,
வைத்த வீடு.
அடுப்பும் தரையில் இல்லை.
மரப்பெட்டியில் மணல் நிரப்பி
இடுப்பு உயரத்தில் எரிந்தது;
சூடு மண்ணுக்குள் இறங்கக் கூடாது என்று
நாங்கள்தான் படம் காட்டிச் சொல்லியிருந்தோம்.

மலைவான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள்,
துடைப்பம் தரையில் பட்டும் படாமலும்.
புருஷன் ஏதோ பாட்டை விசிலடித்தபடி
உச்சியில் தகரம் அடித்தான்.
சுத்தியல் ஒவ்வொரு முறை விழும்போதும்
அவள் கை ஒரு நொடி நின்று
பிறகு பெருக்கியது.

"சாப்பிட்டுத்தான் போக வேண்டும், அக்கா."

படியேறினேன்.
வீடு லேசாக ஆடியது.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
மூங்கில் கூடையைத் திறந்தாள்.
ஒட்டுச்சோறு சூடாக இருந்தது.