மூச்சுக்கு முப்பத்தெட்டு வாட்

பாலக்கோட்டில் கரண்ட் போனால்
தெரு முழுக்க ஒரு "ச்சே" கேட்கும்.
அதற்கு முன்பே நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன்.
கட்டிலோரத்து மிஷின்
உஸ்ஸென்று ஊதுவதை விட்ட நொடி
என்னைத்தான் முதலில் உலுக்கும்.

சென்னகிருஷ்ணன்
தூக்கத்தில் மூச்சுவிட மறந்துபோகிறவர்.
மணிக்கு நாற்பத்திரண்டு தடவை என்று
ஓசூரில் எண்ணிக்கொடுத்த காகிதம்
ரேஷன் கார்டோடு பீரோவில் கிடக்கிறது.
பகலில் மண்டியில்
ஒரு தக்காளிப் பெட்டிகூட எண்ணத் தவறாத மனுஷன்.

தக்காளி கிலோ தொண்ணூறைத் தொட்ட ஆடியில்
இந்த இன்னொரு பெட்டி வந்தது.
கைப்பிடி, நாலு ஓட்டை, ஒரு சின்னத் திரை.
இடுப்பில் வைத்தால் ஆறுமாசப் பிள்ளை கனம்.
கூடவே மடித்து விரிக்கும் சோலார் தகடு;
மாடியில் அதன் நிழல் விழுந்து
பாதி வடகம் பூஞ்சை பிடித்தது.
போகட்டும்.
மிஷினுக்கு மணிக்கு முப்பத்தெட்டு வாட்.
பெட்டி ஓர் இரவைத் தாங்கும்,
மறுநாள் வெயில் அடித்தால் இன்னொன்றை.

வெளியூரில் ஒரு ராத்திரி படுத்ததில்லை நாங்கள்.
கல்யாண வீட்டில் எல்லோரும் பாய் விரித்தால்
இவர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தே விடியவைப்பார்.
கொறட்டைக்கு அவ்வளவு கூச்சம்.
அதனால்தான் வத்தல்மலை,
அதனால்தான் மூவாயிரம் ரூபாய்க் கூடாரம்.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டேன்.
பையிலிருந்த முட்டைகள் உடைந்தன.

முதல் ராத்திரி நன்றாகவே தூங்கினோம்.
விடிந்தால் முப்பத்து மூன்று சதவீதம்.
வெயிலுக்குத் தகட்டை விரித்தேன்,
வந்தது மூடுபனி.
ஒன்பது வாட். ஏழு வாட். மறுபடி ஒன்பது.
பக்கத்துக் காப்பிச் செடிகூடத் தெரியவில்லை.
கடன் கேட்டு வாசலில் நிற்பவன் மாதிரி
நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக் கிடந்தது தகடு.

மூன்று மணிக்குச் சின்னபாப்பா வந்தாள்,
கீழ்வீட்டுக்காரி.
லைன் மேல் மரம் சாய்ந்து
மூன்று நாளாய் அந்தப் பக்கம் கரண்ட் இல்லை.
திருப்பூரிலிருந்து மகன் கூப்பிடுவானாம்.
கையில் செத்துப்போன போன்.
"ஒரு கோடு ஏறினாப் போதும்."

போனுக்கு மூன்று சதவீதம்.
அவருக்கு அது இருபத்து நாலு நிமிஷ மூச்சு.
கணக்கில் எப்போதும் தடுமாறுகிற எனக்கு
இது கேட்காமலே வந்தது.
துண்டை எடுத்துத் திரை மேல் போட்டேன்.
"பெட்டி ரிப்பேருங்க."
"அடடா, காசு போட்டு வாங்கினதாச்சே" என்று
எனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனாள்.
இருட்டியதும் ஒரு கம்பளி கொடுத்தனுப்பினாள்.

இரண்டு பத்துக்குத் திரை அணைந்தது.
முகமூடியைக் கழற்றிவிட்டு
அந்தக் கம்பளிக்குள் அவர் நெஞ்சில் கை வைத்தேன்,
பழையபடி.
ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது,
நிற்கிறது.
ஏழு எண்ணித் தோளைத் தட்டினேன்.
திணறி இழுத்துக்கொண்டு
"என்ன, மழையா?" என்றார்.
"இல்ல. தூங்குங்க."
எத்தனை தடவை தட்டினேன் என்று குறிக்கவில்லை.
நான் டாக்டர் இல்லை.

பனி கிழிந்தது ஏழரைக்கு.
நாலு வாட். பதினேழு. அறுபத்தொன்று.
இறங்கிப் போனேன்.
"பெட்டி சரியாயிடுச்சு. போனைக் குடுங்க."

சின்னபாப்பா அடுப்பை ஊதிக்கொண்டே
"ராத்திரியே கூடாரத்துக்குள்ள பச்சையா மினுக்குச்சே,
அப்பவே சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.
கோபமா கேலியா,
புகையில் முகம் தெரியவில்லை.
போனைத் தந்தாள்.
நாலடி வந்தபின் திரும்பக் கூப்பிட்டு
ஒயரையும் தந்தாள்.