அலகு எழுதாத விடை

மாதிரித் தாளில் விடை சரி.
பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம்.
வட்டத்துக்குள் ஒன்றுமில்லை:
நான் எழுதாமல் விட்ட
கிலோயூல், மூல் மறை ஒன்று.

மூன்றாம் தடவை எழுதுகிறேன்,
தனிப்பட்ட பரீட்சார்த்தியாக.
முல்லைத்தீவு ஐஸ் கொம்பனியில் பில் புத்தகம் என்னிடம்.
லொறி வராத நேரமெல்லாம்
அதே மேசை, அதே பேனை, வெப்பவுள்ளுறை.

யூட்சன் ஐம்பது கிலோக் கட்டியைக்
கொளுக்கி போட்டு இழுக்கிறான்.
"இது முழுக்க உருக எவ்வளவு வேணும்?"
கிராமாக்கிப் பதினெட்டால் பிரித்தேன், ஆறால் பெருக்கினேன்.
"பதினாறாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்."
"ரூபாயோ?"

சிரிக்கத்தான் நினைத்தேன்.
மூலுக்கு ஆறு, கட்டிக்குப் பதினாறாயிரம்;
ஐஸ் ஒன்றுதான்.
எதற்கு, எதில் என்று சொல்லாதவரை
இரண்டும் பொய்.
மீன் பெட்டியடியில் ஒரு கொக்கு நிற்கிறது.
அலகில்லாத எண்
அலகில்லாத கொக்கு:
நிற்கும், பார்க்கும்,
ஒரு சூடையைக்கூடத் தூக்காது.

உடைந்த கட்டியின் பிளவில்
வெப்பமானியைச் செருகி வைத்தேன்.
ஒன்பது மணிக்குப் பூச்சியம்.
பன்னிரண்டுக்குத் தகரம் கொதிக்கிறது,
பூச்சியம்.
சாக்குக்கடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.
வாங்குகிறது, வாங்குகிறது,
முகத்தில் காட்டவேயில்லை.

அப்படியென்றால் உள்ளே மொத்தம் எவ்வளவு?
புத்தகம் கைவிரிக்கிறது.
உள்ளுறையை அளக்க ஏலாது.
மாறியதை மட்டும் சொல்லலாம்,
முன்னால் ஒரு முக்கோணம் போட்டு.

அடுத்த பக்கம்:
தொடக்கநிலை, இறுதிநிலை போதும்.
வந்த வழி வேண்டாம்.

பரீட்சைப் படிவமும் இப்படித்தான்.
பிறந்த இடம் முள்ளியவளை.
நிரந்தர முகவரி முள்ளியவளை.
கழித்தால் பூச்சியம்.
விசுவமடு, தேவிபுரம், மாத்தளன்,
செட்டிகுளத்தில் தறப்பாளுக்குக் கீழே பதினாலு மாதம்,
இவற்றுக்குக் கட்டம் இல்லை.

பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்:
வெப்பமும் வேலையும் பாதையில் தங்கியவை.
பென்சிலால் கோடு போட்டேன்.
திரும்பவும் போட்டேன், தாள் கிழிய.

லொறி ஹோர்ன்.
பில் புத்தகத்தைத் திறக்கிறேன்.
"இருபது" என்கிறான் யூட்சன்.
"இருபது என்ன?"
ஒரு மாதிரிப் பார்க்கிறான்.
"கட்டி, பிள்ளை. கட்டி."
எழுதினேன்.