சேர்மானம்

முதல் சட்டி உருகியபோது
வீட்டில் யாரும் இல்லை.
நல்லதாகப் போயிற்று.

சோயா மெழுகு என்றால்
என்னவோ என்று நினைத்திருந்தேன்.
மூட்டையைப் பிரித்தால் கொப்பரைச் சீவல் போல
வெள்ளைச் செதில்கள்,
விரல் சூட்டுக்கே வழுக்கப் பார்க்கின்றன.
பாறசாலை வர்க்கீஸ் கடையில் வாங்கியது.
"இது மதி, வேறொந்நும் வேண்டா" என்றார்.
சொன்ன கையோடு
வேறு ஆறு பொட்டலங்களை மேசையில் பரப்பினார்.

பகலில் குழித்துறை லேபில்
ஊரார் ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பவள் நான்.
தராசை நம்புவேன், கைப்பிடியை நம்பமாட்டேன்.
ஒரு நோட்டுப் போட்டு
தேதி, எடை, சூடு, சேர்மானம் என்று கட்டம் கட்டினேன்.

நாற்பது டப்பாவுக்கு ஓர்டர்.
பாறசாலையில் ஒரு நிச்சயதார்த்தம்.
பிச்சி மணம்தான் வேண்டுமாம்,
கொளுத்தினால் வீடே தோவாளைச் சந்தை ஆகணுமாம்.

நூற்றுக்குப் பத்து தைலம் ஊற்றினேன்.
மூடியைத் திறந்தால் மயக்கம் வரும்.
பற்றவைத்தாலோ
கோபித்துக்கொண்ட நாத்தனார் மாதிரி
வாயே திறக்கவில்லை.

இரண்டாம் தடவை நீலச் சாயம்.
காலையில் பார்த்தால்
விளிம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது.
மூன்றாம் தடவை மேலே குழி.
நான்காம் தடவையை
சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்துவிட்டு
டூட்டிக்குப் போனேன்.
தகரக் கூரைக்குக் கீழே மெழுகு வியர்த்து,
முகத்தில் எண்ணெய் வழிய
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாராஃபின்ல செய்யப்பிடாதா?
குருசடிக் கடைக்காரன் அதுலதானே செய்யான்"
என்றார் றாபின்சன்.
பதில் சொல்லவில்லை.
சாப்பாடும் அன்றைக்கு ஆறிப்போனதுதான்.

வியர்க்கிறதா, ஸ்டியரிக் சேர்.
சேர்த்தேன்.
சுண்ணாம்புக் கட்டி போல் கெட்டித்து
டப்பாவின் சுவரை விட்டு விலகி நின்றது.
விலகுகிறதா, தேங்காய் மெழுகு சேர்.
மறுபடியும் குழைந்தது.
குழைகிறதா,
மார்த்தாண்டத்தில் என் மைனி வனஜாபாய்
ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறாள்,
அரை கிலோ தேன்மெழுகு தந்தாள், காசு வாங்கவில்லை.
அதைப் போட்டதும்
பிச்சி போய்விட்டது.
அறை முழுக்க அவள் தேன் மட்டும்
அமைதியாக உட்கார்ந்திருந்தது.

பதினோராம் பக்கத்தில்
கணக்கை மேலிருந்து கீழே வாசித்தேன்,
ரிப்போர்ட் வாசிப்பது போல.
கெட்டிப்படுத்த நான் சேர்த்ததெல்லாம்
குழையவைக்க நானே சேர்த்ததற்கு மருந்து.
அதிலும் முதல் குற்றவாளி அந்தத் தைலம்.
பத்தென்ன பத்து,
மெழுகு குடிக்கிற அளவு ஆறுதான்.
மிச்சம் வியர்வை.

பன்னிரண்டாவதில்
சேர்மானம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
தைலம் ஆறு. சாயம் இல்லை.
சூடு ஆறும்வரை காத்திருந்து ஊற்றி,
கட்டிலுக்கடியில் தள்ளி,
இரண்டு வாரம் தொடுவதில்லை என்று
சத்தியம் செய்யாத குறை.
ஒன்பதாம் நாள் ஒன்றைத் திறந்துவிட்டேன்.
மன்னிக்கணும், முடியவில்லை.

நாற்பதும் மடியில் கனக்க
பாறசாலைக்குப் பஸ்.
டிரைவர் பக்கத்தில் வெயில் என்று இடம் மாறி உட்கார்ந்தேன்.
செக்போஸ்டைத் தாண்டும்போது
சுமையைத் தொட்டுப் பார்த்தேன்:
குளிர்ச்சி.

பெண்ணின் அம்மா ஒன்றை மோந்து பார்த்தாள்.
"மணம் கொஞ்சம் குறைவல்லே?"
குறைவுதான் என்றேன்.
பற்றவைத்துப் பார்க்கச் சொன்னேன்.
காப்பி குடித்து முடிக்கும்போது
பக்கத்து அறையிலிருந்து ஒரு பையன்
"ஆரா பிச்சி வச்சது?" என்று கேட்டான்.

இருபத்திரண்டை எடுத்துக்கொண்டாள்.
பதினெட்டு திரும்பி வந்தன.

குறை என்று சொல்லவும் முடியாது,
அவள் காட்டிய டப்பாவில் பார்த்தேன்:
நடுவில் கிணறு தோண்டியதுபோல் எரிந்து,
சுற்றிலும் அரை அங்குல மெழுகு
உருகாமல் அப்படியே நின்றது.

திரி மெல்லிசு.

நோட்டில் பதின்மூன்றாம் பக்கம்.
திரியைப் பற்றி இதுவரை
ஒரு வார்த்தை எழுதவில்லை நான்.