கடைசி விலை

வருஷம் பிறந்ததும் தினசரிக் காலண்டரைப் புரட்டி
தாள் தாளாய் வாடகையை எழுதிவிடுவேன்.
முகூர்த்த நாள் என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
கரிநாள், அஷ்டமி, ஆயிரத்து முந்நூறு.
ஆடி முழுக்கத் தள்ளுபடி, ஜவுளிக்கடை மாதிரி.
செயலி தன் பங்குக்கு ஒரு விலை சொல்லும்,
அதற்குப் பஞ்சாங்கம் தெரியாது.
சித்திரையில்
அழகர் கள்ளந்திரி தாண்டிவிட்டார் என்றால்
சிம்மக்கல்லில் மாடிப்படிக்குக் கீழே உள்ள இடத்துக்கும்
மூவாயிரத்து அறுநூறு கொடுப்பார்கள்.

கேள்விகள் எப்போதும் அதே.
கோபுரம் தெரியுமா.
மொட்டை மாடியிலிருந்து மொட்டைக் கோபுரம் தெரியும்,
மற்றதற்குத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறணும்,
ஏற அனுமதி இல்லை.
கறி சமைக்கலாமா. சமைக்கலாம், மீன் வேண்டாம்.
பதினோரு பேர்தான், பாய் இருந்தா போதும்.
டிரைவர் வண்டியிலேயே படுத்துக்குவார், பாத்ரூம் மட்டும்.
கடைசி விலை சொல்லுங்க மேடம்.
முதல் விலையைச் சொல்வதற்குள் கடைசி விலை.
பதில்களைப் போனில் அடுக்கி வைத்திருக்கிறேன்,
விளக்குத்தூண் நூல்கடையில் பில் போட்டுக்கொண்டே
ஒற்றை விரலால் ஒட்டி அனுப்ப.

சித்திரையில் ஒரு ராத்திரி, இரண்டு பத்துக்கு,
படம் வைக்காத ஒரு கணக்கு. மகராசி, கயத்தாறு.
ஓர் ஆள். மூன்று ராத்திரி. நாளையிலிருந்து.
கோபுரம் கேட்கவில்லை. ஏசி கேட்கவில்லை.
"ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"

அடுக்கி வைத்ததில் இதற்குப் பதில் இல்லை.
என் வீட்டுக் கதவுதான்.
ஆறு வருஷமாய் அதை வெளியிலிருந்துதான் பூட்டியிருக்கிறேன்.

போன் வெளிச்சத்தில் மேலே ஏறினேன்.
இருந்தது. போன தீபாவளிக்கு அடித்த பெயின்ட்டில்
சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது.
சப்பாத்திக் கட்டையால் நாலு தட்டு.
ஐந்தாவதற்கு நகர்ந்தது, பல் கூசும் சத்தத்தோடு.
உள்ளே நின்று கதவைச் சாத்தி, போட்டு,
இழுத்துப் பார்த்தேன்.
இன்னொரு தடவை, ஒரு ஆம்பளை இழுப்பதுபோல.
வரவில்லை.

"இருக்கு" என்று அனுப்பினேன்.

பிறகு விலை.
மூவாயிரத்து அறுநூறு என்று அடித்து அழித்தேன்.
ஆயிரத்து முந்நூறு. அதையும் அழித்தேன்.
திருவிழா நாளில் மலிவாய்க் கிடைக்கும் அறைக்குள்
யார் காத்திருக்கிறான் என்று நினைக்கத் தோன்றும்.
"நான் ஹெலன், கீழேயே இருக்கேன்" என்று சேர்த்தேன்.
அதுவும் கூடுதலோ என்று
"கீழேயே" என்பதைக் "கீழே" ஆக்கினேன்.
இரண்டாயிரத்து நூற்றைம்பது.
எந்தக் காலண்டர் தாளிலும் இல்லாத எண்.

மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன, துடித்தன.
"கடைசி விலை சொல்லுங்கக்கா."

எனக்கு உயிர் வந்தது.
பேரம் பேசுகிறவளிடம்
அடுத்த வாரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.
நானும் லேசில் விடவில்லை,
ஐம்பது ஐம்பதாய் இறங்கி
ஆயிரத்து எண்ணூறில் வந்து நின்றோம். மணி மூன்று.

வந்தாள். ஒரு தோள்பை, ஒரு கட்டைப்பை.
ஆதாரை நீட்டினாள், படம் எடுத்துக்கொண்டேன்.
ஊரே ஆற்றில் கிடந்த விடியற்காலையில்
மாடியில் துணி அலசும் சத்தம்.
நாலாம் நாள்
தலையணை உறையைக்கூட மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.
மாட்டுத்தாவணியா ஆரப்பாளையமா என்று கேட்டேன்.
"பார்க்கணும்க்கா."

ஒரு வாரம் கழித்து மதிப்பெண் வந்தது.
ஐந்துக்கு நாலு.
"சுத்தம். தண்ணி உண்டு.
தாழ்ப்பாள் போட்டா ரொம்பச் சத்தம்."

அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான்
மூன்று ராத்திரியும் நான் விளக்கை அணைத்தேன்.
அதை எழுதவில்லை.
எண்ணெய் விடுகிறோம், நன்றி, என்று எழுதினேன்.

விடவில்லை.