கொளுத்து

மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது
ஆற்றூர் தாசையன் பெட்டிகளிலிருந்து
இருபது தேனீக்கள் வாங்கி வருவேன்.
ஐஸில் ஐந்து நிமிடம். மயங்கும்.
ஜூஸ் குடிக்கிற குழலை விரல்நுனி நீளம் வெட்டி
கழுத்தளவு செருகி, நூல் அகலத்தில் ஒரு டேப்.
விழித்ததும் இருபது தலைகள் என்னைப் பார்க்கும்,
பேச்சிப்பாறை பஸ்ஸில் நெருக்குப்பட்டவர்கள் மாதிரி.

மாறாமலைக் கிராம்பின் எண்ணெய்.
மூன்று நொடி வாசம் ஊதுவேன்.
உடனே சர்க்கரைத் தண்ணீரால் உணர்கொம்பைத் தொட
நாக்கு நீளும். ஒரு சொட்டு.
பத்து நிமிடம் கழித்து மறுபடி வாசம், மறுபடி சொட்டு.
நான்காம் முறை
கிராம்பு வந்ததுமே நாக்கு வந்துவிடுகிறது,
சர்க்கரை இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

கடுகைவிடச் சிறிய மூளை.
வாசம் வரும் இழையும் இனிப்பு வரும் இழையும்
சேர்கிற இடத்தில்
பால்வெட்டுகிறவர் நேற்றைய வெட்டின் மேலேயே
இன்றைக்கும் கத்தி வைப்பது போல
ஏதோ திறக்கிறது, திறந்து திறந்து
ஒழுகப் பழகுகிறது.

"எக்கா, இது படிப்பா, கொதியா?"
லிஜா கேட்டாள். முதலாண்டு மாணவி.
ரெண்டும் ஒரே நரம்பில்தான் என்றேன்,
தெரிந்தவள் போல.

குழித்துறை வீட்டுக் கேட்டில் ஒரு கொளுத்து.
இரும்பில் இரும்பு விழுகிற சத்தம்.
பிறகு செருப்பு.
பிறகு வந்ததை இங்கே எழுதப்போவதில்லை.
ஆறு வருடம்.
அதற்கு ரெஜிஸ்டர் எதுவும் நான் வைக்கவில்லை.
ஆனால் முதல் ஓணத்துக்குள்ளேயே
செருப்புக்குக் காத்திராமல் கொளுத்துக்கே
தோள் காதுவரை ஏறக் கற்றிருந்தது.
என் தேனீக்களைவிட நான் மந்தமில்லை.

பரிசோதனையின் இரண்டாம் பாகம்:
கிராம்பு உண்டு, சர்க்கரை கிடையாது.
நீண்டன. மறுபடி நீண்டன.
ஆறாவதில் பாதிப் பேர்.
ஒன்பதில் இருபது வாயும் மூடியிருந்தது.
"மறந்துட்டு" என்று
தாளில் வரிசையாகப் பூஜ்யம் போட்டாள் லிஜா.

மறுநாள் காலை, எட்டே முக்கால்.
கிராம்பு.
பதினொரு நாக்குகள்.

மறக்கவில்லை லிஜா, மறப்பதே இல்லை.
"இப்போ இல்லை, இங்கே இல்லை" என்று
புதிதாய் முளைத்த ஒரு கை
பழையதைப் பிடித்து நிறுத்தியிருந்தது.
ராத்திரியில் அந்தக் கை கொஞ்சம் அயர்ந்துவிட்டது.
நேற்று முளைத்த கைதானே.

மூன்று வருடமாக நான் இருப்பது
வெட்டுமணியில், ஒரு மாடி வாடகை வீடு.
இங்கேயும் கேட். இங்கேயும் கொளுத்து.
நான் பதறுவதை ஒருநாள் பார்த்துவிட்டு
வீட்டுக்கார றோஸிலி டீச்சர் கேட்டார்கள்,
"கழத்திப் போட்டுட்டு கயிறு கெட்டட்டா மக்களே?"
சரி என்றுதான் வாய்வரை வந்தது.
வேண்டாம் டீச்சர், கிடக்கட்டும் என்றேன்.
சத்தம் இல்லாவிட்டால் தோள் எதைக் கற்கும்?
சத்தம் வரவேண்டும்.
பின்னால் ஒன்றும் வரக்கூடாது.
இப்படியே எத்தனை முறையோ.

இதற்கு ரெஜிஸ்டர் உண்டு.
தண்ணீர்க் கேன். ஏறியது; ஆறு மூச்சு.
ஜெபக்கூட்ட நோட்டீஸ். ஏறியது; நாலு.
கரண்ட் ரீடிங். ஏறவில்லை. அடிக்கோடிட்டேன்.
அடுத்த நாள் ஆடு முட்டியதற்கு
எட்டு மூச்சு, கை நடுக்கமும்.
பதினொரு நாக்கு ஞாபகம் வந்தது.
அடிக்கோட்டை அழிக்கவில்லை.

இன்று சாயங்காலம் கொளுத்து விழுந்தது.
ஏறியது. மூன்றாம் மூச்சில் இறங்கியது.
படியேறி வந்தது ரசல், சிலிண்டரைத் தோளில் சுமந்து.
இறக்கி வைத்து நிமிர்ந்தவன்
என் கையில் ஒட்டியிருந்த வாசத்தை இழுத்து,
"எக்கா, கிராம்பு மணக்கே, இன்னைக்கு பிரியாணியா?"
என்று கேட்டு
எச்சில் விழுங்கினான்.