பின் சரிவு

அப்புத்தளைக்கு மேலே
பழைய துரை பங்களாவின் முன்னால்
ரிஸ்மியின் ஆட்டோ நின்றபோது
பனி இன்னும் எழும்பவில்லை.
பின் சீட்டிலிருந்து இறக்கி, விரித்து,
பிரேக்கை இரண்டு தரம் தட்டிப் பார்த்தான்.
நாற்காலி என்கிறோம்.
நான்கில் ஒரு காலும் இல்லை இதற்கு.

டிக்கெட் ஐந்நூறு ரூபாய்.
வீடும் தோட்டமும் சேர்த்து, என்றாள் இரோமி
சிங்களத்தில்; என் பொட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில்.
தோட்டம்.
நான் வளர்ந்த பக்கம் அந்தச் சொல்லில்
பூ இருந்ததில்லை.
பேர் போடும் காலை இருந்தது, தராசு இருந்தது,
கால்விரல் இடுக்கில் அட்டை இருந்தது.
இங்கே ரோஜாவுக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள்.

முன்வாசலுக்குப் பதினோரு படி.
கருங்கல், நடுவில் தேய்ந்து குழிந்தது.
படி, படி என்றே வளர்த்தார்கள் என்னை.
படித்தேன். பண்டாரவளையில் வங்கி வேலை.
இந்தப் பதினொன்றின் முன்னால்
எழுத்தறியாதவள்போல் நிற்கிறேன்.
நிற்கிறேன் என்பதும் பழக்கதோஷம்தான்.

பூப்பாத்தி கொத்திக்கொண்டிருந்த சன்னாசி
மண்வெட்டியைச் சாத்திவிட்டு ஓடிவந்தார்.
'தூக்கிருவோம் தங்கச்சி, தேர்ச்சாமி மாதிரி.'
சாமியைக் கேட்டுவிட்டா தூக்குகிறார்கள்?
என்னைக் கேட்டார். அதற்காகச் சிரித்து
வேண்டாம் என்றேன்.
பதுளை ஆஸ்பத்திரிப் படியில் ஒருமுறை
தூக்கியவர்களின் கைகள் எங்கெங்கே பட்டன என்று
இன்னும் மறக்கவில்லை.

'பின்னுக்கு ஒரு வழி கிடக்கு' என்றார்.
'ஆனா அது...'
முடிக்கவில்லை. தலைத்துண்டை உதறிக்கொண்டார்.

சரளைக்கல்லில் சக்கரம் புதைந்தது.
ரிஸ்மி தள்ள, நான் உந்த,
சன்னாசி முன்னால் போய்க் கல் பொறுக்க,
நீலப் பூக்குலைகளை உரசிக்கொண்டே
வீட்டைச் சுற்றினோம்,
திருடர்கள் மூன்று பேர்போல.

சமையற்கட்டுப் பக்கம், பாசி படிந்து, அகலமாய்
ஒரு சரிவு.
விறகு வண்டி ஏறப் போட்டதாம்.
பீப்பாய் உருள, பெட்டி ஏற,
துரைசாணியின் பியானோ நோகாமல் போய்ச்சேர.
வழுக்காதிருக்கக் குறுக்கே கோடு கீறியிருக்கிறான்
எவனோ ஒருவன், விரல் அகலத்துக்கு ஒன்றாய், பொறுமையாய்.
பீப்பாய்க்கு இவ்வளவு யோசித்தவன்
எனக்கு யோசிக்கவில்லை.
ஆனாலும் ஏறிவிட்டேன்.
நன்றி, யாரோ.

உள்ளே அடுப்புகள் நூறு வருஷக் கரியோடு.
சுவரில் அழைப்பு மணிகள் வரிசையாய்,
ஒவ்வொன்றின் கீழும் ஓர் அறையின் பெயர்.
ஒன்றை இழுத்துப் பார்க்க ஆசைதான்.
யார் வருவார்கள் இப்போது?
மணி கேட்டு ஓடவேண்டிய இடத்தில்தானே
நான் இருக்கிறேன்.

கதவு நிலைகளில், என் முழங்கை உயரத்தில்,
தேநீர்த் தள்ளுவண்டி இடித்த வடுக்கள்.
அதிகாலையில் தூக்கம் கலையாமல் தள்ளிய கை எதுவோ.
நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.
நானும் ஒன்று இடித்தேன்.
தெரியாமல்தான். பாதி தெரிந்தும்.

மாடிக்கு என் போன் மட்டும் போனது,
ரிஸ்மியின் கையில்.
ஆடி ஆடி வந்தது வீடியோ:
கட்டில், கொசுவலை, அவன் கட்டைவிரல்,
பிறகு ஜன்னல்.
'மேல ஒண்டுமில்ல' என்று கத்தினான்.
'ஜன்னலால பாத்தா லயம் மட்டும்தான் தெரியுது.'
எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருஷம் நான் அதை
அந்தப் பக்கமிருந்து பார்த்தவள்.
இரவில் விளக்கு எப்போது அணையும் என்றுகூடத் தெரியும்.

திரும்பும்போது, பாதி வீடுதானே, என்று
இரோமி இருநூற்றைம்பதை நீட்டினாள்.
நல்ல பிள்ளை. வாங்கவில்லை.
அடுக்களையைப் பார்த்தீர்களா என்று
முழு டிக்கெட்காரர்களைக் கேளுங்கள், என்றேன்.

பார்வையாளர் புத்தகம் உயரமான பீடத்தில் இருந்தது.
எடுத்து என் மடியில் வைத்தாள்.
மேலே எல்லோரும் எழுதியிருந்தார்கள்:
அழகு, மிக அழகு, அமைதி.
பேனாவை உதறி, கொஞ்சம் யோசித்து எழுதினேன்:

பின் சரிவில் பாசி.
தேய்த்துக் கழுவவும்.