மான் தின்ற மூலை

டச்பே மணலில் ஞாயிறு ஐந்தரைக்கு
எங்களுக்கு முன்னால் நவ்ஷாட் வந்திருப்பான்.
கைபேசி திருத்துகிறவன்.
கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு ஆறு நாள்,
ஏழாம் நாள் அவனுக்கு உள்ளங்கை அகலத் தூரிகை வேண்டும்.
வள்ளம் வரையமாட்டான். "எல்லாரும் வரையிறாங்க" என்பான்.
வள்ளத்தை இழுத்துப் போன தடத்தைத்தான் வரைவான்.

பெனடிக்டா இரவுக் கடமை முடிந்து
தாதிச் சீருடையோடு ஸ்கூட்டியில் வருவா.
இருக்கைக்கு அடியில் பலகை, தாள், பிஸ்கட்.

உபாலிக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம்.
நிறத்தின் பெயர் மறந்தால் டியூபைத் தூக்கிக் காட்டுவோம்.
போன மாதம் வாங்கிய மஞ்சளை
அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.
அதைக் கேட்கிற அளவுக்குச் சிங்களம் என்னிடம் இருக்கிறது.
கேட்கவில்லை.

நான் தண்ணீர்ச் சபையில், மூன்றாவது கவுண்டர்.
கிழமை முழுதும்
ஊர் குடித்ததை, குளித்ததை, ஒழுகவிட்டதை
அலகு அலகாய் எண்ணிக் காசு வாங்குகிறேன்.
ஞாயிறு
மீட்டர் பூட்டாத இந்தத் தண்ணீருக்கு முன்னால் குந்தி,
ஜாம் போத்தலில் கொண்டுவந்த குழாய்த் தண்ணீரால்
அதைத் தாளில் இறக்கப் பார்க்கிறேன்.

ஏழு ஞாயிறு. ஏழு தாள்.
ஏழிலும் கடல்
பள்ளிக்கூடச் சுவர் மாதிரி நீலமாய் நின்றது.
நீல டியூப் தீர்ந்து, கொழும்பிலிருந்து வரவேண்டும்.
பிளேட்டால் வயிறு கிழித்து
மடிப்பில் ஒட்டியதை ஈரத் தூரிகையால் வழித்தேன்.
"கடலுக்கு நீலம் வாங்கிக் குடுக்கிற ஆள்
திருகோணமலையில நீங்கள் ஒராள்தான்"
வீட்டில் தேவமலர்.

எட்டாம் ஞாயிறு,
உபாலி சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டு
தூரிகையைத் தேத்தண்ணிக்குள் முக்கிவிட்டேன்.
கவனியாமல் தாளில் வைத்தும்விட்டேன்.
மண்ணிறம் நீலத்துக்குள் மெல்லப் போய்
எங்கேயோ நின்றது.
தண்ணீர் அசைந்தது.
நால்வரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
பெனடிக்டாதான், நோயாளிக்குச் சொல்கிற குரலில்,
"இனிக் கை வைக்காதேங்கோ."

காயட்டும் என்று ஸ்கூட்டி இருக்கையில் வைத்தேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்தது புள்ளிமான்.
சோற்றுப் பார்சல் தாள், லொத்தர்ச் சீட்டு,
தேர்தல் போஸ்டர் தின்று வளர்ந்த மான்.
வலது மேல் மூலையை, வானமும்
ஒரு விரற்கடை தொடுவானமுமாய்க் கடித்து
எங்களைப் பார்த்தபடியே மென்றது.
உபாலி செருப்போடு ஓடினார்.
அது ஓடவில்லை, நடந்தது.
நவ்ஷாட் மணலில் உருண்டு சிரித்தான்.

நகரமண்டபத்தில் கண்காட்சி. இருபத்துமூன்று படம்.
காற்றாடி போட்டால் சட்டங்கள் சுவரில் ஆடும் என்று
வேர்க்க வேர்க்க நின்றோம்.
என்னுடையது வேண்டாம் என்றேன்.
பெனடிக்டா பின்னால் கறுப்பு அட்டை வைத்து
பல் பட்ட விளிம்பு தெரியவே மாட்டிவிட்டா.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதன் முன் நெடுநேரம் நின்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இந்த வெறுமை... இழப்புத்தானே?"
"மான்" என்றேன்.
இன்னும் ஆழமாய்த் தலையாட்டி
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நவ்ஷாட்டின் தடத்தை ஹோட்டல்காரர் வாங்கினார்,
சோபாவுக்குப் பொருந்த
இன்னும் கொஞ்சம் நீலம் பூசித் தரச் சொல்லி.
பூசிக் கொடுத்தான். என்னிடம்தான் நீலம் கேட்டான்.
கிழித்த டியூபைக் காட்டினேன்.
என்னுடையது விலைபோகவில்லை.
அதைச் சட்டத்தோடு ஓட்டோவில் மடியில் வைத்து வந்தேன்.

திங்கள், மூன்றாவது கவுண்டர்.
மூன்று மாத நிலுவையோடு ஒரு அம்மா
என் சுண்டுவிரல் நகத்தையே பார்த்துவிட்டு,
"என்ன தம்பி, வோட்டுப் போட்டனீங்களோ?
இப்ப ஒரு தேர்தலும் இல்லையே."
"பதினேழு அலகு, அம்மா" என்று
மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.